மூன்று எழுத்தும் ஒரு பிராதும்

விருத்தாசலம்
18.1.2025

அன்பு வெண்மதிக்கு,

அத்தை எழுதறேன். நல்லா இருக்கியா? உங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்க நானும் கோகுலும் இருக்குறோம், அவ்வளவுதான் சொல்லலாம். பொங்கலன்னிக்கு பழக்கதோஷத்துல மூணு பேருக்கு அரிசியப் போட்டுட்டு, அப்புறம் பானையிலேருந்து அள்ளினேன்.

போன் இருக்கும்போது என்னடா கடுதாசின்னு பாக்கறியா? உங்க டைவர்ஸ் கேஸு முடியற வரைக்கும் ரெண்டு வூட்டுக்காரங்களும் பேசிக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாராம். கோகுலும் "அம்மா, வெண்மதிக்குப் போன் பண்ணாத"ன்னு கண்டிஷனா சொல்லிட்டான். பேசத்தானே கூடாது? எழுதக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே. பதில் போட்டா வூட்டுக்குப் போடாத, கம்பெனி அட்ரஸுக்குப் போடு. கூட வேலை செய்யற பூவாயி வாங்கி வெச்சிக் குடுப்பா. அவளுக்கு வாய் நீளம்தான், ஆனா என் விஷயத்துல தொறக்க மாட்டா.

நீ கெளம்பிப் போன அன்னிக்குக் குடுத்த எழுத்து இன்னும் என்கிட்ட கெடக்குது. B, L, T. மூணு எழுத்தும் உள்ள வர்ற இங்கிலீசு வார்த்தையா பத்து கேட்ட. இந்தா வாங்கிக்க: TABLE, BELT, BOLT, BOTTLE, TABLET, BATTLE, BLANKET, VEGETABLE, TABLE FAN. பத்தாவது வரமாட்டேங்குது. VEGETABLE எப்படி? கத்திரிக்கா அரியும்போது வந்திச்சு. சத்தியமா போன்ல பாக்கல. மூணு எழுத்தப் போட்டா ஊர்ல இருக்கற வார்த்தையெல்லாம் வந்து கொட்டுதுன்னு பூவாயி மக காட்ட வந்தா. நான் கண்ண மூடிக்கிட்டேன்.

பீங்கான் ஃபியூஸ் கட்டையில கம்பெனி பேர சீல் குத்தறதத் தவிர எனக்கும் இங்கிலீசுக்கும் என்ன ஒறவு? நீ வந்துதான் ஒட்ட வெச்ச. மூணு வருஷமா சாயங்காலம் ஆனா நானும் நீயும் அடுப்படியில ஒக்காந்து இதத்தானே ஆடுனோம். இப்ப சாயங்காலம் ஆனா டிவியப் போடறேன், ஒண்ணும் புரியல, அணைச்சிடறேன்.

உனக்கு எழுத்து: Q, T, Z. முழி!

உன் அத்தை,
செல்வநாயகி


சேத்தியாத்தோப்பு
27.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

வெண்மதியின் வணக்கம். கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "எழுதக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்பதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க அத்தை வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொன்னார்கள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

TABLE FAN செல்லாது அத்தை. அது ரெண்டு வார்த்தை. உங்கள் கணக்கு எட்டுதான். கோபப்படாதீங்க, ரூல் போட்டதே நீங்கதான்.

Q, T, Z கொடுத்து என்னைக் கொன்றுவிட்டீர்கள். QUARTZ உடனே வந்துவிட்டது. உங்கள் கம்பெனி வாசலில் அடுக்கியிருக்கும் மூட்டையில் பார்த்துத்தானே கொடுத்தீர்கள்? திருட்டு ஆட்டம்! பிறகு QUARTZITE. எங்கள் ஸ்கூலில் வினாடி வினா நடந்தபோது QUIZMASTER மாட்டியது. அகராதியைப் புரட்டியதில் QUETZAL என்று ஒரு பறவை கிடைத்தது, நீளமான வாலாம். நாலோடு கும்பிட்டுவிட்டேன்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். சேலத்தில் ஒரு ஸ்கூலில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் சேரணும். தங்குவதற்கும் இடம் தருகிறார்கள். ஏப்ரல் பதினாறாம் தேதி கோர்ட்டில் நானும் அவரும் கடைசிக் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். முடிந்த பிறகு போனால் மனசு லேசாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அத்தை, உங்கள் பிள்ளை கெட்டவர் இல்லை. ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. ஆனால் சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், கேட்டால் பதில் சொன்னார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. லாட்ஜில் பக்கத்து ரூமில் இருப்பவர்கூட இதைவிட அதிகம் பேசுவார். அவருக்கும் கஷ்டம்தான், எனக்கும் கஷ்டம்தான். அதனால்தான் ரெண்டு பேரும் சேர்ந்தே மனு போட்டோம். நீங்கள் மனசில் எதையும் வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு: R, T, N.

அன்புடன்,
வெண்மதி


விருத்தாசலம்
5.2.2025

அன்பு வெண்மதிக்கு,

சேலத்து வேலைக்கு சந்தோஷம். பாதி சந்தோஷம்னு வெச்சிக்க. மீதிய அப்புறம் தர்றேன்.

R, T, N எல்லாம் எனக்கு ஒரு எழுத்தா? RETURN, TRAIN, PRINT, PARENT, STRAINER, ENTRANCE, CURTAIN, TRANSPORT, RESTAURANT, TRANSFORMER. பத்தும் போட்டாச்சு. முதல் வார்த்தைக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்கேன், பாத்துக்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன திங்கக்கெழமை லீவு போட்டுட்டு மணவாளநல்லூர் போயி கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டேன். ஆமா, உங்களுக்காகத்தான். கோர்ட்டுல நீங்க ரெண்டு பேரும் மனு போட்டா எனக்கு மனு போட எடம் இல்லியா? எங்க ஊர்ல அதுக்குன்னு ஒரு சாமி இருக்குது. என் கொறைய வெள்ளப் பேப்பர்ல எழுத வெச்சி, சாமி கால்ல வெச்சி பூசை பண்ணி, முனியப்பர் சன்னதியில கட்டிட்டு வந்தேன். "என் மகனும் மருமகளும் மறுபடி ஒரே வூட்டுல வாழணும்." அவ்வளவுதான் எழுதினது. மூணு மாசத்துல அவரு தீத்து வெப்பாரு. தீந்ததும் போயி ராஜினாமா எழுதிக் குடுத்து பிராத வாபஸ் வாங்கிக்குவேன்.

எழுதிக் குடுக்கறவரு "யார் மேலம்மா பிராது?"ன்னு கேட்டாரு. ரெண்டு பேர் மேலயும்னு சொல்லி கோகுலகிருஷ்ணன், வெண்மதின்னு பேரு குடுத்துட்டேன். ஒருத்தர் பேர மட்டும் போட்டா ஓரவஞ்சனை ஆயிடும் பாரு.

கோகுலுகிட்ட சொன்னேன். தட்டுல கைய வெச்சிக்கிட்டு என்னையே பாத்தான். அப்புறம் எழுந்து போயிட்டான். பயந்துட்டான்னுதான் தோணுது. நல்லதுதானே.

உனக்கு எழுத்து: H, M, O.

உன் அத்தை,
செல்வநாயகி


சேத்தியாத்தோப்பு
14.2.2025

அத்தைக்கு,

என் மேலயும் பிராது கட்டினீங்களா அத்தை?

அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று சாமியிடம் சொன்னீர்கள்? உங்கள் வீட்டில் இருந்தவரைக்கும் உங்களை ஒரு சொல் சொல்லியிருப்பேனா? கல்லூரிக் காலத்துத் தோழிகளிடம்கூட "மாமியார்னா எங்க அத்தை மாதிரி இருக்கணும்" என்றுதான் சொல்லுவேன். அவர் மேலே கட்டுங்கள், பெற்றவர் நீங்கள், உங்கள் பாடு அவர் பாடு. என் பேரை ஏன் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்?

நீங்கள் செய்ததில் இங்கே வீடே நின்றுபோய்க் கிடக்கிறது. அம்மாவுக்குக் கொளஞ்சியம்மாள் என்று பேர் வைத்ததே அந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால்தான். உங்களுக்கும் தெரியும். பேர் போட்டுக் கட்டின பிராது நிற்கும்போது அதற்கு எதிராக மகள் கையெழுத்துப் போடுவதா என்று ஒரே பிடிவாதம். "அந்தம்மா வாபஸ் வாங்கற வரைக்கும் நீ கோர்ட்டு வாசல மிதிக்கக் கூடாது" என்று சொல்லி விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் படித்தவள், எனக்கு அந்தப் பயம் இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அம்மாவைத் தாண்டிக்கொண்டு என்னால் போக முடியாது.

கட்டினவர்தான் அவிழ்க்க முடியும். தயவுசெய்து போய் ராஜினாமா எழுதிக் கொடுங்கள். ஏப்ரல் பதினாறுக்கு முன்னால் செய்யுங்கள்.

வெண்மதி


விருத்தாசலம்
22.2.2025

வெண்மதிக்கு,

மாட்டேன். எழுதிக் குடுக்க மாட்டேன்.

கோவப்படு, நல்லா கோவப்படு. ஆனா எழுத்து குடுக்காம கடுதாசிய அனுப்பிட்டியே, அது நியாயமா? நான் குடுத்த H, M, O-வுக்கு ஒத்த வார்த்தைகூட எழுதல. பூவாயி கடுதாசியக் கொண்டாந்து குடுத்தா. நான் முதல்ல அடியிலதான் பாத்தேன். வெறும் வெண்மதின்னு இருந்திச்சு. அன்புடன்கூட இல்ல. அன்னிக்கு நான் குத்தின சீலெல்லாம் கோணலு. சூப்பர்வைசர் அர்ச்சுனன் வந்து "என்னக்கா, கண்ணாடிய மாத்துங்க"ன்னு சொல்லிட்டுப் போறான்.

உன் மேல தப்பு இருக்குதுன்னா கட்டினேன்? உன்ன விடக் கூடாதுன்னு கட்டினேன். இது புரியாதா உனக்கு? எம்.ஏ. படிச்சிருக்க!

சரி, நான் ராஜினாமா குடுத்துட்டேன்னு வெச்சிக்கோ. நீ போயி கையெழுத்து போட்டுடுவ. அடுத்த நாள் நீ யாரு, நான் யாரு? கல்யாணம் காட்சியில பாத்தா என்னான்னு கூப்பிடுவ? உங்க ஊர்ல ஒரு நல்லது கெட்டது நடந்தா எனக்கு யாரு சொல்லுவா? நீ சேலத்துல காய்ச்சல்ல கெடந்தா நான் எந்த ஒறவச் சொல்லிக்கிட்டு வந்து கஞ்சி வெச்சிக் குடுக்கறது? அவனுக்கு ஆயிரம் பொண்ணு கெடைக்கும். எனக்கு எவ வந்து சாயங்காலத்துல பக்கத்துல ஒக்காந்து "அத்தை, இது ரெண்டு வார்த்தை"ன்னு சண்டை போடுவா? அழுதுகிட்டேதான் எழுதறேன், எழுத்து கலைஞ்சிருந்தா கண்டுக்காத.

அதனால மாட்டேன். சாமி தீர்ப்பு சொல்லட்டும்.

செல்வநாயகி


சேத்தியாத்தோப்பு
9.3.2025

என் அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கோபம் போய்விட்டது அத்தை. உங்கள் மேல் எனக்கு எத்தனை நாள்தான் கோபம் நிற்கும்?

நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது நான். ஆனால் சாமியிடம் கேட்டது, என்னை அவரிடம் கொண்டுபோய் விடச் சொல்லி. நாளைக்கே சாமி கேட்டு, நான் வந்துவிட்டேன் என்று வையுங்கள். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உங்களோடு நன்றாக இருப்பேன். அப்புறம்? அவர் வந்ததும் நான் ரூமுக்குள் போகணும். அங்கே ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். நீங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள், நான் உங்களிடம் சொன்னதில்லை. உங்களோடு இருந்த நேரம் இல்லையென்றால் நான் முதல் வருஷமே கிளம்பியிருப்பேன். எனக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை அத்தை. எனக்காகக் கொஞ்சம் இரங்குங்கள்.

கையெழுத்துப் போட்ட அடுத்த நாள் நீ யாரு நான் யாரு என்று கேட்டீர்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தால் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன்.

H, M, O: HARMONIUM, MUSHROOM, THERMOMETER, MONTH, SMOOTH, MOUTH, CHROME, HOME. HOME-ஐத்தான் நீங்கள் எதிர்பார்த்தீர்கள் என்று தெரியும், கடைசியில் தள்ளிவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. MOTHER-IN-LAW. நடுவில் கோடு இருக்கிறது. ஒரே வார்த்தையாகச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்களுக்கு: P, L, S. பத்து இல்லை, இருபது வேணும். தண்டனை!

என்றும் அன்புடன்,
வெண்மதி


விருத்தாசலம்
29.3.2025

அன்பு வெண்மதிக்கு,

கடுதாசி வந்ததும் முதல்ல அடியில பாத்தேன். எழுத்து இருந்திச்சு. அப்புறம்தான் மேல படிச்சேன்.

படிச்சிட்டு ஒரு வாரம் டிவிகூட போடல. ஆளுக்கொரு சுவருன்னு எழுதியிருந்த பாரு, அதுவே மண்டையில ஓடிக்கிட்டு இருந்திச்சு. நேத்து மணவாளநல்லூர் போனேன். ராஜினாமா குடுத்துட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லிடு, விளக்க அணைச்சிட்டு எழுந்து சோறாக்கட்டும்.

அங்க நடந்தத சொல்றேன் கேளு. "பிரச்சினை தீந்துதாம்மா?"ன்னு எழுதறவரு கேட்டாரு. தீரலன்னேன். பேனாவ கீழ வெச்சிட்டாரு. "தீராம எதுக்கும்மா ராஜினாமா?"ன்னு கேக்கறாரு, பின்னாடி வரிசையில நிக்கறவங்க எல்லாம் காத குடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சாமிகிட்ட போயி தீந்திடிச்சின்னு பொய் எழுத எனக்கு மனசு வரல. "ஐயா, நான் கேட்டது தப்பா கேட்டுட்டேன். அந்தப் பொண்ண என் மகன்கூட சேத்து வெய்யின்னு கேட்டேன். எனக்கு வேண்டியது அந்தப் பொண்ணு என்ன விட்டுடக் கூடாது, அவ்வளவுதான். அவ விடலன்னு தெரிஞ்சிடிச்சு. அப்படியே எழுதுங்க"ன்னேன்.

அவரு எழுதிக்கிட்டே "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாரு. மருமகள்னு வாய் வரைக்கும் வந்திடிச்சு. இன்னும் பதினஞ்சு இருவது நாள்ல அது பொய்யாயிடுமே. மகள்னு சொல்லலாம்னா, உங்கம்மா குத்துக்கல்லாட்டம் இருக்காங்க, வந்து சண்டை புடிப்பாங்க. அப்புறம் "என் கூட்டாளி"ன்னு சொல்லிட்டேன். அவரு என்ன ஏற இறங்கப் பாத்தாரு. வரிசையில ஒருத்தி சிரிச்சா. சிரிச்சிட்டுப் போறா. எழுதியாச்சு, சாமி கால்ல வெச்சாச்சு.

வெளிய வந்து வேப்பமரத்தடியில ஒக்காந்து கொஞ்சம் அழுதேன். அப்புறம் பசிச்சிது, ரெண்டு இட்லி சாப்பிட்டேன்.

MOTHER-IN-LAW-வ அடிச்சிட்டேன். என் TABLE FAN-ஐ நீ விட்டியா? உனக்கு எட்டுதான்.

P, L, S இருபது அப்புறம் தர்றேன். இப்போதைக்கு SLIP, PLUS, PULSE, SIMPLE, HOSPITAL. பதினாறாந்தேதி காலையில டிபன் சாப்பிட்டுப் போ. வெறும் வயித்துல கோர்ட்டுக்குப் போவாத.

உன் கூட்டாளி,
செல்வநாயகி


சேத்தியாத்தோப்பு
20.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

முடிந்துவிட்டது. டிபன் சாப்பிட்டுத்தான் போனேன். அம்மாவும் கூட வந்து, கையெழுத்துப் போடும்வரை கொளஞ்சியப்பா கொளஞ்சியப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அவர் நீலச் சட்டை போட்டிருந்தார். வெளியே வந்ததும் "டீ சாப்பிடறியா" என்று கேட்டார். அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டோம். "சேலத்துல வெயில் அதிகம், பாத்துக்க" என்று சொன்னார். நான் "அத்தைக்கு பிரஷர் மாத்திரை ஞாபகப்படுத்துங்க" என்று சொன்னேன். நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். நிம்மதியாகவும் இருந்தது, பஸ்ஸில் ஏறினதும் அடக்க முடியாமல் அழுகையும் வந்தது.

அத்தை என்று கூப்பிடலாமா கூடாதா என்று ஜட்ஜ் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் கூப்பிடப் போகிறேன். கோவிலில் என்னை என்னவென்று எழுதினீர்களோ அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாதான் ரெண்டு நாளாக "மாமியாரும் மருமகளும் கூட்டாளியாம், கேட்டியா அதிசயத்த" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் ரெண்டாம் தேதி சேலத்தில் சேருகிறேன். ரூம் சின்னதுதான், ஆனால் ஜன்னல் பெரிசு. ஒரு வாரம் என்னோடு வந்து இருங்கள். உங்களுக்கு வர மனசு இருக்குமா, அவர் விடுவாரா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. வருத்தப்படுவேன்.

அன்புடன்,
வெண்மதி


விருத்தாசலம்
16.6.2025

அன்பு வெண்மதிக்கு,

சேலத்து வூட்டு அட்ரஸுக்கு முதல் கடுதாசி. போஸ்ட்மேன் கண்டுபுடிச்சிக் குடுத்தா சரி.

வர்றேன். ஞாயித்துக்கெழமை சேலம் பாசஞ்சர்ல வர்றேன். கம்பெனியில ஒரு வாரம் லீவு கேட்டேன். எங்கன்னு கேட்டான் அர்ச்சுனன். கூட்டாளி வூட்டுக்குன்னேன். இந்த வயசுலயான்னான். ஏன், இந்த வயசுல கூட்டாளி இருக்கக் கூடாதான்னு கேட்டேன், பேசாம கையெழுத்து போட்டான்.

கோகுலுகிட்ட நேத்து சொன்னேன். பயந்துகிட்டேதான் சொன்னேன். கடுதாசி எழுதறதையும் சொல்லிட்டேன். "தெரியும்"னான். எப்படிடான்னா, "வூட்டுல வெள்ளப் பேப்பர்ல எங்க பாத்தாலும் இங்கிலீசு வார்த்தையா எழுதி வெச்சிருக்க, தெரியாதா"ன்னான். அதோட போயி டிவியப் போட்டுட்டான். சரி, இவன் இப்படித்தான்னு நானும் விட்டுட்டேன்.

இன்னிக்கு சாயங்காலம் வேலையிலேருந்து வந்தவன் ஒரு பை நெறைய மல்லாட்டை வாங்கியாந்து வெச்சான். பச்ச வேர்க்கடலையா, செடியிலேருந்து பறிச்ச மண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்குது. "எதுக்குடா இவ்வளவு, நான் ஒருத்திதானே"ன்னேன். "உனக்கில்ல. அங்க எடுத்துக்கிட்டுப் போ. அவ அவிச்ச மல்லாட்டைன்னா உசுர விடுவா"ன்னு சொல்லிட்டு குளிக்கப் போயிட்டான்.

வெண்மதி, உனக்கு என்ன புடிக்கும்னு அவன் வாயால நான் கேட்டது இதான் முதல் தடவ. நல்லூர் பக்கத்து வயக்காட்டுலேருந்து வாங்கியாந்திருப்பான் போல. இத அவன் முன்னாடியே ஒரு நாள் பண்ணித் தொலைச்சிருக்கலாம். எனக்கு ஆத்தாமையா வந்திச்சு, அழுதேன், கழுதைன்னு திட்டினேன்.

பயப்படாத. இதுக்காக மறுபடி போயி பிராது கட்ட மாட்டேன்.

மல்லாட்டைய கழுவி, உப்பு போட்டு அவிச்சி எடுத்தாறேன். வண்டி வர்ற நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வந்து நில்லு. எனக்கு சேலத்துல வழி தெரியாது.

உன் கூட்டாளி,
செல்வநாயகி